வீட்டைக் காத்த ஒரு ஜோடி ஷூ

சனிக்கிழமை மாலை நான்கு இருபது. வேலூரில் தையல் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நின்று, என் கணவரின் செல்போனுக்கு நான் முதல் தடவையாகப் போன் போட்ட நேரம் அது. பூத்தின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எண்களை அழுத்தினேன் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் போனை மட்டும் போடாமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டு முன்கதவு இன்றும் பழைய கதவாகவே இருந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில் நடந்தது. எங்களுக்கு ஆம்பூர். நான் பள்ளிக்கூட ஆசிரியை. கணவருக்குத் தோல் ஷாப்பில் ஸ்டோர் பொறுப்பு. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரே மகள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்குச் சர்ச்சில் கல்யாணம். வங்கி லாக்கரில் இருந்த நகைகளை அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். ஒரு ஆரம், இரண்டு நெக்லஸ், வளையல்கள், என் அம்மா எனக்குப் போட்ட சங்கிலியை அழித்துச் செய்த கல் தோடு. எங்கள் இருவரின் இத்தனை வருட உழைப்பும் உருகி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கியிருந்தது.

நான் சாதாரணமாகவே பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறவள். வீட்டில் இத்தனை நகை என்றால் சொல்ல வேண்டுமா? டப்பாவை முதலில் பீரோவில் வைத்தேன். திருடன் வந்ததும் பீரோவைத்தானே உடைப்பான் என்று தோன்றியது. அரிசி டிரம்முக்கு மாற்றினேன். அரிசி டிரம்மில் நகையை ஒளிப்பது திருடர்களுக்கே தெரிந்த சங்கதி என்று பிறகு தோன்றியது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் சாக்குப் பையில் கிடந்த அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளின் நடுவே செருகினேன். எட்டாம் வகுப்புக் கணக்குப் பேப்பரை எந்தத் திருடனும் தூக்கிக்கொண்டு போகமாட்டான். கொடுத்தால்கூட வாங்கமாட்டான்.

அப்படியும் அந்தச் சனிக்கிழமை வீட்டில் யாருமே இல்லாத நிலைமை வந்துவிட்டது. மகளின் கல்யாண ரவிக்கையை அளவு பார்க்க நானும் அவளும் வேலூர் போக வேண்டும். கணவர் மத்தியானம் வேலை முடிந்து வந்து, மேல்விஷாரத்தில் இருக்கும் அவருடைய பழைய நண்பருக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். அவர் தோல் வியாபாரி. என் கணவருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். தபாலில் அனுப்பினால் மரியாதையாக இருக்காது.

வெள்ளிக்கிழமை இரவெல்லாம் யோசித்து நான் ஒரு திட்டம் போட்டேன். வீட்டில் ஆள் இருப்பது போலக் காட்ட வேண்டும். முன்கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, பின்பக்க இரும்புக் கதவு வழியாக வெளியேறி, ஆளுக்கொன்றாக இருந்த சாவியால் அதைப் பூட்டிக்கொள்வது. ரேடியோவை அணைக்காமல் பாடவிடுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கணவரின் பிரவுன் ஷூவை வாசற்படி ஓரத்தில் கழற்றிப் போட்டது போல வைப்பது.

எங்கள் தெருவை அறிந்தவர்களுக்குத்தான் இந்த ஷூவின் பெருமை புரியும். தெருவில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனியில் வேலை. மீதிப் பேருக்குத் தோல் ஷாப்பில் வேலை. முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைப் பார்க்கிற தெரு அது. வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். கணவரைத் தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போனால் நான் கூப்பிடுவதுகூட இல்லை. வாசலில் அவர் ஷூ இல்லையென்றால் அப்படியே திரும்பிவிடுவேன்.

என் திட்டத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "பத்திரிகை வெக்கப் போறேன். ஹவாய் செருப்போடயா போவச் சொல்ற? ஆம்பூர்க்காரன் காலைப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"நகை போனா பரவால்லியா?"

"சரிம்மா, ஷூவே வீட்டப் பாத்துக்கட்டும். அதுக்கு மத்தியானச் சோறு எடுத்து வெச்சிட்டுப் போ" என்றார்.

"செல்போன மறக்காம எடுத்துக்குங்க" என்றேன். அவர் "ம்" என்றார். அந்த "ம்"மை நான் நம்பினேன்.

செல்போனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் செல்போன் அது. அவரே மெல்லிய தோலில் அதற்கு உறை வெட்டித் தைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் அது வெளியே வரும். பஸ்ஸில் போனால் பிக்பாக்கெட் அடித்துவிடுவான், சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடும், தோல் ஷாப்பில் தண்ணீர் பட்டுவிடும். ஆகவே மற்ற நாட்களில் அது பீரோவில் பூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். எங்கேயும் பேசுவதற்காக வாங்கிய பொருள், எங்கேயும் போகாமல் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் நானும் மகளும் கிளம்பினோம். ரவிக்கை முதல் அளவிலேயே சரியாக இருந்தது. மனசு லேசானதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. இருட்டுவதற்குள் அவர் வீடு திரும்பிவிட வேண்டும் என்று சொல்லலாம் என்றுதான் அந்த முதல் போன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். அடித்து ஓய்ந்தது. பூத்தை விட்டு வெளியே வந்து நாலடி நடந்தேன், திரும்பிப் போய் இன்னொரு தடவை போட்டேன்.

"அம்மா, விட்டா பூத்துக்காரரே நம்மகிட்டப் பத்திரிகை கேப்பாரு" என்றாள் மகள்.

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வேறு ஞாபகம். போன வருடம் அவருக்கு விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து, பக்கத்து வீட்டு பாய் தன் ஜீப்பில் போட்டுக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்திருந்தார். பாய் வீட்டிலேயே முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணியால் வந்த வாயு அது என்று கடைசியில் டாக்டர் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து தெருவே என் கணவர் மேல் ஒரு கண் வைத்திருந்தது. அவர் இரண்டு தடவை இருமினால் யாராவது ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள்.

பாய் வீட்டில் போன் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களின் நம்பரை யார் மனப்பாடம் செய்வார்கள்? மேல்விஷாரத்து நண்பரின் நம்பர் அந்தச் செல்லுக்குள்ளேயே இருந்தது. பஸ் ஏறும் முன் பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்தும் விடாமல் போட்டேன். அடித்ததே தவிர எடுக்கவில்லை. பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது என் மனசுக்குள் அவருக்கு விபத்து நடந்து, செல் திருடு போய், நெஞ்சு வலியும் வந்து முடிந்திருந்தது.

ஆம்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். விளக்கு வைக்கும் நேரம். ஆட்டோ எங்கள் தெருவில் திரும்பியதும் எங்கள் வீட்டு முன்னால் கூட்டம் தெரிந்தது. பாயின் ஜீப் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. எங்கள் முன்கதவு ஒரே கீலில் தொங்கியது. அதற்குக் கீழே என் கணவரின் ஷூ மட்டும், நான் வைத்தது வைத்தபடி, ஜோடியாக இருந்தது.

நான் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடினேன். பாய் ஓடி வந்தார். கையில் கடப்பாரை. சட்டையெல்லாம் வேர்வை. "டீச்சர், பயப்படாதீங்க. சாருக்கு ஒண்ணும் ஆவல. இன்னா விஷயம்னா, சாரக் காணோம்!"

பாயின் மனைவியை நான் அண்ணி முறையில் பாபி என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் என்னைப் பிடித்துப் படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "செல் அடிக்குது, அடிக்குது, அடிச்சிக்கினே இருக்குது டீச்சர். ரேடியோ பாடுது. ஷூ வாசல்ல கெடக்குது. கூப்டா பதிலே இல்ல. போன வருஷம் மாதிரி ஆயிடுச்சோன்னு என் உயிரே போச்சு."

எதிர்வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் சாட்சி சொன்னார். "நான்தான் டீச்சர் உறுதியா சொன்னேன். சாரோட ஷூதான் இது. எடது குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சிருக்கும். ஷூவ வுட்டுட்டு மனுஷன் எங்க போவாரு? பின்பக்கம் போய்ப் பாத்தோம், பூட்டியிருக்குது. சரி, டீச்சர் பூட்டிக்கினு போயிருக்காங்க, சார் முன்னால தாழ் போட்டுட்டுப் படுத்திருக்காருன்னு முடிவு பண்ணிட்டோம். அந்த இரும்புக் கதவு அசையாது. அதான் இத ஒடச்சிட்டோம்."

"ஒடச்சோம், உள்ள போனோம், ஆளு இல்ல" என்றார் பாய். "பாத்ரூம் பாத்தாச்சு. கட்டிலுக்கு அடியில பாத்தாச்சு. அந்த நேரம் பாத்து மறுபடியும் செல் அடிக்குது. எங்கருந்து? பீரோவுக்குள்ளருந்து!"

"சார் பீரோவுக்குள்ள பூந்துக்கினு இன்னா பண்றாருன்னு எனக்குக் கை காலு ஆடிப்போச்சு டீச்சர்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

எனக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. என் திட்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். தெருவே சிரித்தது. திருடனை ஏமாற்ற வைத்த ஷூ, தெருவையே ஏமாற்றியிருந்தது. பாய் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, "இன்னா டீச்சர், திருடனுக்கு வெச்ச பொறியில நான் போய் மாட்டிக்கினனே! காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பேஜாரே இல்லியே. கதவு என் செலவு, கல்யாணத்துக்குள்ள போட்டுடலாம்" என்றார். கணவர் செல்லை பீரோவில் பூட்டி வைத்துவிட்டு மேல்விஷாரம் போயிருக்கிறார் என்பது விளங்கியதும், வந்ததும் அவரை என்ன செய்வது என்று நானும் மகளும் பேசிக்கொண்டே உள்ளே போனோம்.

சும்மா ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த சாக்குப் பையை இழுத்தேன். கட்டுகளின் நடுவே கையை விட்டேன். பேப்பர். இன்னும் ஆழமாக விட்டேன். பேப்பர்தான். பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். எட்டாம் வகுப்பின் பெருக்கலும் வகுத்தலும் தரையெல்லாம் பரவின. பிஸ்கட் டப்பா இல்லை.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். வியாழக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை மாலை நகை இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது? மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கட்டிலுக்கு அடியில பாத்தாச்சு" என்று சற்று முன் பாய் சொன்னது அப்போது என் காதில் திரும்பவும் கேட்டது. அதற்கு மேல் என் வாயை என்னால் அடக்க முடியவில்லை.

"கட்டிலுக்கு அடியில யாரு பாத்தது?" என்று கேட்டேன்.

ரேடியோ மட்டும் யாருக்கோ விவசாயச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"நான்தான் டீச்சர்" என்றார் கட்டிங் மாஸ்டர். பிறகு யாரும் சொல்லாமலே சட்டைப் பையிலிருந்ததை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒரு சீப்பு, பஸ் பாஸ், ஒரு தோல் துணுக்கு. கால்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். பதினைந்து வருடங்களாக எதிர்வீட்டில் இருக்கிற மனிதர். என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர்.

"ஐயோ, அப்படி இல்ல" என்றேன். ஆனால் அப்படித்தான் கேட்டிருந்தேன். எல்லோருக்கும் அது தெரியும்.

பாபி எழுந்து போய், தொங்கிக்கொண்டிருந்த கதவுக்குக் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "டீச்சரோட நகை கெடைக்கற வரைக்கும் இங்கருந்து யாரும் வெளிய போவக் கூடாது. என் வூட்டுக்காரரும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். பிறகு பர்தாவைக் கழற்றி, எல்லோர் முன்னிலும் உதறிக் காட்டினார். "நானும் உள்ள வந்தேன் டீச்சர். மொதல்ல என்னப் பாத்துக்கோ." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு நகையே வேணாம்மா, நிறுத்து" என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

பாய் ஜீப் சாவியை எடுத்தார். "அழுதா ஆவுமா? ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்க டீச்சர். கதவ ஒடச்சது நான்தான்னு நானே மொதல்ல எழுதித் தர்றேன். எதுவானாலும் எங்கிட்டருந்து ஆரம்பிக்கட்டும்."

நான் எழுந்திருக்கவில்லை. போலீசில் போய் யாருடைய பெயரைச் சொல்வேன்? எனக்கு உதவ ஓடி வந்தவர்களின் பெயரைத் தவிர என்னிடம் வேறு பெயரே இல்லை. "ஆண்டவரே, நகை போனாலும் போகட்டும், நான் கேட்ட கேள்வி கேட்காததாக ஆகிவிடக் கூடாதா" என்று மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

தோல் ஷாப்பு ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் நாற்றம். உப்புப் போட்டு வைத்த பச்சைத் தோல் வெயிலில் ஊறினால் வருமே, அது. வாசலில் நின்ற கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. நடுவில் என் கணவர், காலில் ஹவாய் செருப்பு, கையில் ஒரு ரெக்ஸின் பையோடு நடந்து வந்தார். தொங்கும் கதவைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அழுகிற எங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒங்களுக்குத்தான் சார்" என்றார் கட்டிங் மாஸ்டர்.

யாரும் சிரிக்கவில்லை. நான், "நகை போச்சுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டே பையைத் திறந்தார். உள்ளே சுருட்டிய ஆட்டுத்தோல். பாபி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். தோலைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் என் பிஸ்கட் டப்பா.

முந்தின ராத்திரி நான் டப்பாவை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்ததையெல்லாம் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். ரேடியோவையும் ஷூவையும் நம்பி நகையை விட்டுப் போக மனசு வரவில்லை. என்னிடம் சொன்னால் நான் வேலூருக்கே போகமாட்டேன் என்று சொல்லவில்லை. தோல் ஷாப்பிலிருந்து ஒரு பச்சைத்தோலைக் கேட்டு வாங்கி, டப்பாவை அதற்குள் சுருட்டி, கூடவே எடுத்துப் போய்விட்டார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்த சீட்டில் கடைசி வரை யாருமே உட்காரவில்லையாம். தோல் வியாபாரி நண்பருக்கு மட்டும் அது ஊதுவத்தி மாதிரி இருந்ததாம், ஒன்றும் கேட்கவில்லை.

"இத்தன பேரு சேந்து ஏன்யா பயப்படுறீங்க?" என்று டப்பாவை என் மடியில் வைத்தார். "பை கிட்டக்கூட எவனும் வர்ல. திருடனுக்கும் மூக்கு இருக்குதில்ல?"

முதலில் சிரித்தது கட்டிங் மாஸ்டர்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. பாபி நாற்காலியை விட்டு எழுந்து, சிரிப்பிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆரத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, "வியாழக்கெழமைக்குள்ள இத நான் கழுவித் தர்றேன்" என்றார். நான் மறுபேச்சுப் பேசாமல் மொத்த டப்பாவையும் அவர் கையில் கொடுத்தனுப்பினேன். கல்யாணம் வரை அது அவர் வீட்டில்தான் இருந்தது.

இப்போதும் வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பாபி வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய், யார் எங்கே போகிறோம், எப்போது வருவோம், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது வரை சொல்லிவிட்டு வருகிறேன். அன்று மாலை என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு கேள்விக்கு நான் இன்னமும் சொல்லித் தீராத பதில் அது.